வானொலி வளர்த்த ஜான் ரீத்

நம் சங்கத்து முதியோர் பலருக்கு வானொலிப் பெட்டி வெறும் வீட்டுப் பொருள் அன்று. வீட்டு மனிதர்களுள் ஒருவர். பிறந்த ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்து, மொழி புரியாத தெருவில் குடியேறி, குளிர்கால மாலைகளில் கம்பளிக்குள் முடங்கியிருந்த நாள்களில், அப்பெட்டியின் முள்ளை மெல்லத் திருப்பித் தமிழ்க் குரல் ஒன்றைத் தேடிப் பிடித்த இன்பத்தை அவர்கள் இன்றும் மறந்திலர். இத்தலைநகரிலிருந்தே பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசிக்கப்பட்டது. கடல் கடந்து லண்டனிலிருந்தும் தமிழ் ஒலித்தது.

அக்குரல்களுக்கெல்லாம் முன்னர், வானொலி யாருக்கு உரியது, அதனை நடத்துவோர் எத்தகைய பொறுப்புடன் நடத்துதல் வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. காற்றை விலைக்கு விற்கலாகாது என்று உறுதி பூண்டவர் அவர். எவருடைய குரல் காற்றில் ஏறலாம், எவருடைய குரல் ஏறலாகாது என்று முடிவு செய்தவரும் அவரே. அவர்தாம் பி.பி.சி.யின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத். அவருடைய பெருமையையும் குறையையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது, வானொலியால் தாய்மொழியைக் காத்துக்கொண்ட நமக்குத் தகும் என்று கருதுகிறோம்.

இளமையும் போரும்

ஜான் சார்ல்ஸ் வால்ஷம் ரீத் 1889 ஜூலை 20 அன்று ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஸ்டோன்ஹேவன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கிளாஸ்கோ நகரில் பெயர் பெற்ற கிறித்தவப் போதகர். மக்கள் எழுவருள் ஜான் கடைக்குட்டி. வழிபாடும் கட்டுப்பாடும் நிறைந்த அவ்வீட்டில், ஞாயிற்றுக்கிழமை இறைவனுக்கே உரிய நாள் என்பது எழுதாத சட்டம். அச்சட்டம் பின்னாளில் இங்கிலாந்து முழுவதற்கும் வானொலிச் சட்டமாக வந்தமையும் என்று அன்று யார் கண்டார்!

கிளாஸ்கோவிலும், பின்னர் நார்ஃபோக் பகுதியில் உள்ள கிரெஷம்ஸ் பள்ளியிலும் அவர் பயின்றார். பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் ஆசை இருந்தும், தந்தையார் அவரை ரயில் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சியாளாகச் சேர்த்தார். கல்லூரிப் படி ஏறாத குறை அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. உயரமோ 6 அடி 6 அங்குலம். கூட்டத்தில் நின்றால் மற்றவர் தலைகளுக்கு மேலே அவர் தலை தெரியும். மனப்போக்கும் அவ்வாறே இருந்தது என்று அவருடன் பழகியோர் கூறுவர்.

முதல் உலகப் போர் மூண்டதும் படையுடன் பிரான்ஸுக்குச் சென்றார். 1915 அக்டோபரில் எதிரியின் குண்டு ஒன்று அவர் கன்னத்தைப் பிளந்தது. உயிர் பிழைத்தார், தழும்பு மட்டும் இறுதிவரை முகத்தில் நின்றது. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, பிரிட்டிஷ் படைக்கான துப்பாக்கி உற்பத்தியை மேற்பார்த்தார். 1921 இல் முரியல் ஒடாம்ஸ் என்னும் மங்கையை மணந்தார். 1922 இல் அவருக்கு வயது 33. தொழிற்சாலை மேலாளர் பதவியை விட்டுவிட்டு, அடுத்து என் செய்வது என்று அறியாமல் லண்டனில் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

தபால் பெட்டியிலிருந்து மீண்ட கடிதம்

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு நாளிதழில் விளம்பரம் ஒன்றைக் கண்டார். புதிதாக அமையவிருந்த பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனிக்குப் பொது மேலாளர் தேவை என்பது செய்தி. ஒலிபரப்பு என்றால் என்னவென்று ரீத்துக்கு அப்போது தெரியாது! தெரியாமலே விண்ணப்பம் எழுதித் தம் மன்றத்தின் தபால் பெட்டியில் போட்டார். அதன் பின்னரே, கம்பெனியை அமைக்கும் குழுவின் தலைவர் சர் வில்லியம் நோபிள் யார் என்று புத்தகத்தில் பார்த்தார். அவர் அபர்டீன் பகுதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தது. உடனே கடிதத்தை மீட்டு, தம் முன்னோரும் அப்பகுதியினரே என்று ஒரு வரி சேர்த்து, மீண்டும் போட்டார். ஊர்ப் பாசம் எல்லா நாட்டிலும் வேலை செய்யும் போலும்! புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

டிசம்பரில் பதவி கிடைத்தது. அந்த நவம்பர் 14 அன்றுதான் லண்டன் நிலையத்திலிருந்து கம்பெனியின் ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியரே இருந்தனர். வானொலிக் கருவி செய்யும் நிறுவனங்கள் தம் கருவிகள் விற்பனையாக வேண்டும் என்பதற்காகக் கூடி அமைத்த கம்பெனி அது. இசையும் பேச்சும் அவற்றுக்குத் தூண்டில் இரை; பெட்டி விற்பதே குறி.

ரீத் அக்குறியையே மாற்றினார். ஏழையின் குடிசையில் ஒலிப்பதும் பிரபுவின் மாளிகையில் ஒலிப்பதும் ஒரே இசையாக இருக்கும்போது, அத்தகைய கருவியை விற்பனைத் தந்திரமாக மட்டும் வைத்திருப்பது பாவம் என்று அவர் கருதினார். அறிவூட்டல், கல்வி, மகிழ்வூட்டல் ஆகிய மூன்றும் வானொலியின் கடமைகள் என்றார். மக்கள் கேட்பதை மட்டும் கொடுப்பது போதாது. சிறந்தது எதுவோ அதனை எட்டாத மூலைக்கும் எட்டச் செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. விளம்பரம் கிடையாது. பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்துவர், அதுவே வருவாய். 1922 முடிவில் 36,000 அளவில் இருந்த உரிமங்கள், 1926 முடிவில் 20 லட்சத்தைக் கடந்தன.

ஒன்பது நாள் சோதனை

1926 மே மாதம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூலியைக் குறைக்க முதலாளிகள் முற்பட்டனர். அவர்களுக்குத் துணையாகப் பிற தொழிலாளரும் எழுந்தனர். நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில்கள் நின்றன. அச்சகங்கள் ஓய்ந்தன, நாளிதழ்கள் பெரும்பாலும் வெளிவரவில்லை. அதுவரை மாலை 7 மணிக்கு முன் வானொலி செய்தி வாசிக்கலாகாது என்று பத்திரிகை முதலாளிகள் தடை வாங்கி வைத்திருந்தனர். அத்தடை ஒரே நாளில் தகர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்து முறை செய்தி ஒலித்தது. சில வேளைகளில் ரீத் தாமே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாசித்தார்.

அமைச்சராயிருந்த சர்ச்சில் வானொலியை அரசே கைப்பற்ற வேண்டும் என்றார். ரீத் அதற்கு இணங்கவில்லை. பிரதமர் பால்ட்வினும் கைப்பற்றாமல் விட்டார். அந்த வெற்றிக்கு ரீத் கொடுத்த விலை சிறிதன்று. இரு தரப்பும் சமாதானம் ஆக வேண்டும் என்று கான்டர்பரி பேராயர் விடுக்க விரும்பிய வேண்டுகோளை அவர் உடனே ஒலிபரப்பவில்லை. வேலைநிறுத்தம் முடியும் தறுவாயில்தான் அது ஒலித்தது. எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கு ஒலிவாங்கி மறுக்கப்பட்டது. பிரதமரோ ரீத்தின் வீட்டிலிருந்தே நாட்டு மக்களுக்குப் பேசினார்! அரசு மக்களுடையது, வானொலியும் மக்களுடையது, ஆதலின் நெருக்கடியில் வானொலி அரசின் பக்கமே நிற்றல் வேண்டும் என்பது ரீத் செய்துகொண்ட வாதம். தொழிலாளரும் மக்களே என்பதற்கு அவ்வாதத்தில் இடம் இல்லை.

மே 12 பிற்பகல் 1 மணிச் செய்தியை ரீத் வாசித்துக்கொண்டிருக்கையில் வேலைநிறுத்தம் முடிவுற்ற தகவல் கைக்கு வந்தது. பிரதமர் இல்லத்தில் கேட்டு உறுதி செய்த பின்னரே அதனை அறிவித்தார். அந்த ஒன்பது நாள்களில் பத்திரிகைக்கு நிகராக வானொலியை நம்பலாம் என்று மக்கள் கற்றனர். 1927 ஜனவரி 1 அன்று கம்பெனி மறைந்து, அரசப் பட்டயம் பெற்ற பொதுக் கழகமாக பி.பி.சி. மலர்ந்தது. ரீத் அதன் தலைமை இயக்குநரானார். சர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்து ஒரு நாள்

அக்காலத்தில் வானொலி நாள் எவ்வாறு கழிந்தது என்பதைச் சற்றே காண்போம். அதிகாலைச் சுப்ரபாதத்துடன் பழகிய நமக்கு வியப்பாக இருக்கும்: 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வானொலி காலை 10 மணிக்குப் பிறகே கண் விழித்தது. முதலில் 10.15 மணிக்குச் சிறு வழிபாடு. அடுத்து கிரீனிச் வானாய்வு நிலையத்தின் ஆறு மணித்துளி ஒலிகளும், கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பும் வரும். நண்பகலில் மெல்லிசை. பிற்பகலில் பள்ளிகளுக்கான பாடங்கள்; ஆசிரியர் பெட்டியைத் திருகிவிட்டுத் தாமும் மாணவராவார். மாலை 5 மணி கடந்ததும் குழந்தைகள் நேரம். பின்னர் செய்தி, அறிஞர் உரை, நாடகம் அல்லது பெரும் இசைக்குழுவின் நிகழ்ச்சி, மறுபடியும் செய்தி. இரவு முதிர்ந்ததும் லண்டன் ஓட்டல்களிலிருந்து நடன இசை. பிக் பென் கடிகாரத்தின் மணியோசையைக் கேட்டுத் தம் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு ஊர் உறங்கும்.

அறிவிப்பாளர்கள் தம் பெயரைச் சொல்லலாகாது. மாலையில் விருந்துக்குரிய கறுப்பு உடை அணிந்தே ஒலிவாங்கியின் முன் அமர்தல் வேண்டும். காண்பார் எவரும் இல்லாத அறையில் உடையைக் கண்டிப்பாக விதித்தவர் ரீத் ஒருவரே எனலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேளிக்கைக்கும் நடனத்துக்கும் இடம் இல்லை. கோயில் நேரத்தில் வானொலி வாய் மூடிக்கொள்ளும். களிப்பை நாடியோர் அயல்நாட்டு நிலையங்களின் பக்கம் முள்ளைத் திருப்பினர். அது தெரிந்தும் ரீத் அசையவில்லை.

செய்தி இல்லாத நாள்

அத்தகைய நாள்களுள் 1930 ஏப்ரல் 18 தனித்து நிற்கிறது. அன்று புனித வெள்ளி. இரவு 8.45 மணிக்கு மக்கள் செய்திக்காகக் காத்திருந்தனர். அன்று செய்தி எதுவும் இல்லை என்று மட்டும் அறிவிப்பாளர் கூறினார். எஞ்சிய நேரத்தைப் பியானோ இசை நிரப்பியது. பின்னர் வாக்னரின் பார்சிஃபால் இசை நாடகம் தொடர்ந்தது.

இதனை ஒரு நேர்மையாகப் போற்றுவோர் உண்டு. நாமும் ஓரளவு போற்றவே செய்கிறோம். சொல்லத் தக்கது இல்லையாயின் வெறும் வம்பால் நேரத்தை நிரப்பாமல் மௌனம் காப்பது எளிய பண்பன்று. இன்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓயாது இரையும் செய்தி அலைவரிசைகளுக்கு இடையே வாழும் நாம், அம்மௌனத்தின் அருமையை நன்கு உணர்வோம்.

ஆயினும் அதே நாளில் நம் நாட்டில் என்ன நிகழ்ந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் வேதாரணியத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தோர்ன் ஆணையிட்டிருந்தார். ஆணையை மீறி ஊர்தோறும் மக்கள் அவர்களைப் பேணினர். அதே நாள் இரவு வங்கத்தின் சிட்டகாங்கில் சூரியா சென்னின் தோழர்கள் ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தந்திக் கம்பிகளை அறுத்தனர். லண்டனில் 8.45 மணி அடிப்பதற்குச் சில மணி முன்னரே அது நிகழ்ந்துவிட்டது.

கம்பி அறுந்த செய்தி அன்றிரவே லண்டன் சேராதது அறிவிப்பாளர் குற்றம் அன்று. ஆனால் காவிரிக்கரையில் நடந்தவர்கள் ஐந்து நாள்களாக நடந்துகொண்டிருந்தனர்! செய்தி இல்லை என்பதன் பொருள் உலகில் ஒன்றும் நிகழவில்லை என்பதன்று. செய்தி என்று அவ்வறையில் ஏற்கத்தக்கது ஒன்றும் இல்லை என்பதே. எது செய்தி என்று அளக்கும் கோல் எவர் கையில் இருக்கிறதோ, அவர் கண்ணுக்கு எட்டியதே உலகம் ஆகிறது. ரீத் நாணயமானவர், அந்த அளவுகோலோ பேரரசின் அளவுகோல்.

தலைநகருக்கு வந்த தூதர்

நம் நாட்டில் வானொலி தானாகவே முளைவிட்டிருந்தது. 1924 இலேயே சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் வானொலிச் சங்கம் ஒன்று ஒலிபரப்புச் செய்தது; பணமின்றி 1927 இல் ஓய்ந்தது. அதன் கருவியை ஏற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 அன்று தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. லண்டனில் செய்தி இல்லை என்ற அதே மாதத்தில், சென்னைக் கடற்கரை ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கத் தொடங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927 இல் தோன்றிய கம்பெனியோ 1930 இல் நொடித்தது. அரசு அதனை ஏற்று நடத்தியது.

1920 களிலிருந்தே ரீத்துக்கு இந்திய வானொலியில் அக்கறை உண்டு. பி.பி.சி.யிலிருந்து தக்க ஒருவரை அனுப்புமாறு இந்திய அரசு கேட்டபோது, லயனல் ஃபீல்டன் என்பவரை அனுப்பினார். 1935 ஆகஸ்டில் ஃபீல்டன் வந்து பொறுப்பேற்றார். 1936 ஜனவரி 1 அன்று தில்லி நிலையம் அலிப்பூர் சாலை 18 ஆம் எண் வீட்டில் ஒலிக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் 8 முதல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் நிலைத்தது. விளம்பரத்தை நம்பாமை, உரிமக் கட்டணம், கல்வி நிகழ்ச்சி முதலிய ரீத்தின் நெறிகள் ஃபீல்டனுடன் இங்கு வந்து சேர்ந்தன. ஆனால் அரசுக்குக் கட்டுப்படாத தனிக் கழகம் என்ற அடிப்படை மட்டும் கப்பல் ஏறவில்லை. இங்கே வானொலி அரசுத் துறையாகவே வளர்ந்தது.

1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் பிறந்தது. அப்போது மாகாணத்தின் முதலமைச்சர் யார்? எட்டாண்டுகளுக்கு முன், செய்தி இல்லாத அந்த நாளில், வேதாரணியப் பாதையில் நடந்துகொண்டிருந்த அதே ராஜாஜி! காலம் செய்யும் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

ஏற்றமும் தனிமையும்

ரீத்தின் புகழ் 1930 களில் உச்சிக்கு ஏறியது. 1932 இல் லண்டனில் புதிய ஒலிபரப்பு மாளிகை எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று பேரரசு ஒலிபரப்பு சிற்றலையில் தொடங்கியது. ஆறு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முதன்முறையாக உலகெங்கும் உள்ள தம் குடிகளுக்குப் பேசினார். 1936 டிசம்பர் 11 அன்று முடி துறந்த எட்டாம் எட்வர்டை வின்ட்சர் கோட்டையில் ஒலிவாங்கியின் முன் அமர்த்தி அறிமுகம் செய்தவரும் ரீத்தே. அறிமுகம் முடிந்ததும் தடால் என்று ஓர் ஓசை கேட்டது. ரீத் சினந்து கதவை அறைந்துவிட்டார் என்று ஊர் பேசியது. உண்மையில் எட்வர்டின் கால் மேசையில் இடித்த ஓசை அது!

எவருக்கும் வளையாமை அவர் வலிமை. அதுவே அவர் குறை. மணவிலக்கு விவகாரத்தில் பெயர் அடிபட்டதற்காக, பி.பி.சி.யின் அலைவரிசைகளையெல்லாம் கட்டி எழுப்பிய தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி 1929 இல் விலக நேர்ந்தது. மறுபுறம், தம் சொந்தப் பணத்தில் 100 பவுன் கொடுத்தேனும் வானொலியில் அரசியல் பேச விரும்பிய சர்ச்சிலுக்கும் ரீத் இடம் கொடுக்கவில்லை. காற்று விற்பனைக்கு அன்று என்னும் விதி செல்வாக்குடையோருக்கும் பொருந்தும் என்று நின்றார். அக்காலத்தில் இந்தியத் தன்னாட்சியை முழு மூச்சுடன் எதிர்த்தவர் சர்ச்சில் என்பதை நினைக்கும்போது, அவ்விதியின் பயன் நமக்கும் ஒரு சிறிது கிட்டியது எனலாம்.

1938 ஜூன் 30 அன்று ரீத் பி.பி.சி.யை விட்டு விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் தலைமையை ஏற்றார். அவருக்கு வயது 48. பிற்காலத்து வாழ்வு அவருக்கு நிறைவு தரவில்லை. போர்க்காலத்தில் அமைச்சராகவும் பிரபுவாகவும் ஆனார். 1942 இல் சர்ச்சில் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். பின்னர் புதிய நகர் அமைப்பு, குடியேற்ற நாடுகளின் வளர்ச்சி முதலிய பணிகளை ஏற்றார். தம் ஆற்றலுக்கு ஏற்ற பணியை நாடு தமக்குத் தரவில்லை என்னும் கசப்பு அவரை அரித்தது. 1952 இல் வணிகத் தொலைக்காட்சி வரவிருந்தபோது, அதனைக் கொள்ளை நோய்களுடன் ஒப்பிட்டுப் பிரபுக்கள் சபையில் முழங்கினார், தடுக்க இயலவில்லை.

1971 ஜூன் 16 அன்று எடின்பரோவில் காலமானார். 1975 இல் அவர் நாட்குறிப்பு அச்சானபோது நண்பர்களும் திடுக்கிட்டனர். தம்முடன் உழைத்தோரைப் பற்றிய கடுஞ்சொற்களும், 1930 களில் ஹிட்லரின் செயல்திறனை வியந்த குறிப்புகளும் அதில் இருந்தன. மக்களுக்குச் சிறந்ததைக் கொடுப்பேன் என்னும் எண்ணம், மக்களைக் கேளாமல் முடிவு செய்யும் எண்ணமாக மாறுவதற்கு அதிகத் தொலைவு வேண்டுவதில்லை என்பதற்கு அந்நாட்குறிப்பே சான்று.

நமக்கு விட்டுச் சென்றது

ஆயினும் ஆளைவிட அவர் நட்ட மரம் பெரிது. ரீத் விலகிய பின், 1941 இல், பி.பி.சி. தமிழில் ஒலிக்கத் தொடங்கியது. தமிழோசை என்று நாம் அன்புடன் கேட்ட அவ்வொலிபரப்பு 2017 இல் ஓய்ந்தது. பேரரசு தன் பயனுக்காகத் திறந்த வாயில் அது. ஆனால் இலங்கையிலும் தமிழகத்திலும் தம் ஊர்ச் செய்தியை நம்பத்தக்க குரலில் அறிய விரும்பியோருக்கு நெடுங்காலம் அதுவே துணையாயிற்று.

1947 நவம்பர் 12 அன்று, நாட்டுப் பிரிவினையால் குருக்ஷேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளுடன் பேசுவதற்காகக் காந்தியடிகள் தில்லி வானொலி நிலையத்துக்கு வந்தார். அங்கு அவர் வந்தது அந்த ஒரு முறையே. இன்றும் அந்நாள் நம் நாட்டில் பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1930 இல் செய்தி என்றே கருதப்படாதவர்களின் தலைவர், தம் மக்களுக்குத் தாமே பேசினார். ரீத் காத்த ஒலிவாங்கி, அவர் எண்ணிப் பாராத மக்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஊரை விட்டு வந்து இத்தலைநகரில் சங்கம் அமைத்து வாழும் நாம், ரீத்திடமிருந்து கொள்ள வேண்டியது ஒன்று, தள்ள வேண்டியது ஒன்று. பொதுக் குரலை விலைக்கு விற்கலாகாது என்பதைக் கொள்வோம். எவர் குரல் கேட்கத் தக்கது என்று ஒருவரே முடிவு செய்வதைத் தள்ளுவோம். நம் சங்க மேடையும் ஒரு சிறு வானொலி நிலையமே அன்றோ? அதன் ஒலிவாங்கி, பெரியோருக்கும் எளியோருக்கும், நேற்று ரயிலில் வந்து இறங்கிய இளைஞருக்கும் சமமாக எட்டுமாறு வைத்திருப்போமாக!